பிரீதர் அடிக்குதா? கேட்ச் கேனை அப்புறம் வாங்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

கூடுதல் சக்திக்காகவோ பழுதுக்காகவோ எஞ்சினில் கை வைத்த கார்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் எஞ்சின் அடியறை) அழுத்தம், பிரீதர் (அந்த அறையின் வாயு வெளியேறும் வழி), ஆயில் கசிவு என்று ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: என்னுடையது 1.3 எஸ்டீம். ஹெட் போர்ட்டிங், கேம், ஹெடர் எல்லாம் செய்தாகிவிட்டது, 7000 ஆர்.பி.எம். வரை சுற்றுகிறது. திருச்சி ரோட்டில் விரட்டிவிட்டு வந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில், வால்வ் கவர் ஓரமெல்லாம் கசிவு, டிப் ஸ்டிக் அரை அங்குலம் எகிறி நிற்கிறது. கேட்ச் கேன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். எந்தக் கேன் நல்லது? – வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு எந்தக் கேனும் வேண்டாம். டிப் ஸ்டிக் எகிறுகிறது என்றால் சம்ப்புக்குள், அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள், அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். கேட்ச் கேன் என்பது பிரீதர் வழியில் மாட்டும் டப்பா; ஆயிலைப் பிடிக்குமே தவிர அழுத்தத்தைக் குறைக்காது. வழியில் ஒரு டப்பாவும் இரண்டு முழம் ஹோஸும் கூடுதலாகச் சேர்ந்தால் அழுத்தம் இன்னும் ஏறவும் செய்யும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும்போது கொஞ்சம் வாயு அதைத் தாண்டிக் கீழே இறங்கும். இதுதான் ப்ளோ-பை. எரியாத பெட்ரோல், நீராவி, அமிலமாக மாறக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அதில் உண்டு. இதை வெளியேற்றக் கம்பெனி இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, பி.சி.வி. வால்வ் (கிராங்க்கேஸ் வாயுவை அளவோடு விடும் வால்வ்) வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்கு. இன்னொன்று, வால்வ் கவரிலிருந்து, த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) முன்னால் உள்ள ஏர் பைப்புக்கு. ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும் மேனிஃபோல்டு உறிஞ்சும். இரண்டாவது பைப் வழியாகச் சுத்தக் காற்று உள்ளே வரும். நம் ஊர் வீடுகளில் முகப்பு வாசலையும் பின்கட்டு வாசலையும் சேர்த்துத் திறந்தால் காற்று ஓடுமே, அந்தக் கணக்கு. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்காது. ப்ளோ-பை அதிகமாக வரும் நேரமும் அதுதான். அப்போது இரண்டாவது பைப்பும் வெளியேறும் வழியாக மாறிவிடும். உங்கள் ஃபில்டர் பெட்டிக்கு ஆயில் வந்தது அந்த வழியில்தான்.

இனி அளந்து பாருங்கள். இதற்கு 6 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப் 3 மீட்டரும், 60 செ.மீ. உயரப் பலகையும், ஒரு ஸ்கேலும் போதும். ட்யூபை யு வடிவில் பலகையில் கட்டி, இரு காலிலும் 30 செ.மீ. வரை வரும்படி சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துவிட்டு ட்யூபின் ஒரு முனையை அந்தக் குழாயில் காற்று புகாமல் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரு கால்களிலும் உள்ள நீர்மட்டங்களின் வித்தியாசம்தான் அளவு. ஒரு பக்கம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். 10 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல்.

சூடேறிய எஞ்சின் ஐடிலில் சில செ.மீ. உள்ளே இழுக்க வேண்டும். ஐடிலிலேயே வெளியே தள்ளினால் பி.சி.வி. வால்வ் அடைத்திருக்கலாம், அல்லது ரிங் போயிருக்கலாம். அடுத்தது முழு லோடு. டைனோ (காரை உருளைமேல் ஓட்டி எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) கிடைத்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால் ட்யூபை நீட்டி, பலகையைப் பின் சீட்டில் இருப்பவர் கையில் கொடுத்து, காலியான ரோட்டில் மூன்றாம் கியரில் ஒரு முறை முழுக்க மிதித்து அளக்கலாம். 15 செ.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. 30 செ.மீ. தாண்டினால் அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, விஷயம் தெரிந்துவிட்டது. இவை நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் மாறும்.

வாயு அதிகமாக உற்பத்தியாகிறதா, வழி குறுகலா என்பது அடுத்த கேள்வி. ஆயில் மூடியைக் கழற்றி, துளையின் மேல் துணி கட்டி, இன்னொரு முறை அதே சோதனை. அழுத்தம் சட்டென்று விழுந்தால் வழிதான் குறுகல். மூடி திறந்தும் சீறிக்கொண்டு புகை வந்தால் லீக்-டவுன் டெஸ்ட் செய்யுங்கள். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி 7 பார் காற்று கொடுத்தால் 10 சதவீதத்துக்குள் கசிவது நல்ல எஞ்சின். 20-ஐத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் சத்தம் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டிலில் வந்தால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

வழிதான் குறுகல் என்றால் செய்ய வேண்டியது இது. 12 மி.மீ. குழாயின் துளைப்பரப்பு 113 சதுர மி.மீ.; 19 மி.மீ. குழாய்க்கு 283. இரண்டரை மடங்கு! ஆகவே வால்வ் கவரின் பிரீதர் முனையை 19 மி.மீ. ஆக்குங்கள். ஹோஸ் பெரிதாக இருந்து எல்போவின் உள்துளை 10 மி.மீ.யாக இருந்தால் செலவு வீண். வாங்கும்போது எல்போவுக்குள் வெர்னியரை விட்டுப் பாருங்கள்.

வால்வ் கவரில் புதுத்துளை போடுகிறவர்கள் பலரும் உள்ளே தடுப்புத் தகடு வைப்பதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அள்ளி வீசும் ஆயில் நேரே துளைக்குள் போகும். 'பிரீதர் ஆயில் அடிக்குது' என்று பிறகு புலம்பல். துளைக்குக் கீழே 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, தேங்கும் ஆயில் இறங்க ஒரு மூலையில் 5 மி.மீ. துளை விடுங்கள். தகட்டை ரிவெட் மட்டும் அடித்து விடாதீர்கள். ஒரு ரிவெட் கழன்று கேமுக்குள் விழுந்தால் எஞ்சினே போச்சு. ஆர்கான் வெல்டிங் செய்யுங்கள்.

7000 வரை சுற்றும் எஞ்சினுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்கும் துளைகள் வழியாகத்தான் ப்ளோ-பை மேலே ஏறுகிறது. ஏறும் வாயு இறங்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்தும். ஹெட்டில் ஆயில் தேங்கும். சம்ப்பில் மட்டம் குறையும். நீண்ட வளைவில் ஆயில் பிரஷர் லைட் கண் சிமிட்டும். தீர்வு, ஆயில் மட்டத்துக்கு மேலே, கிராங்க் நேராக ஆயிலை வீசாத இடத்தில், பிளாக்கிலிருந்தே தனியாக ஒரு பிரீதர் எடுப்பது. லேத் பட்டறையில் பிளாக்கைத் துளைப்பதென்றால் எஞ்சின் பிரித்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். வண்டியில் இருக்கும்போதே டிரில் பிடிக்க யாரையும் விடாதீர்கள்.

ரிங்தான் காரணம் என்றால், மறுபடி கட்டும்போது ரிங் கேப்பை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அளக்கச் சொல்லுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு போர் (சிலிண்டர் துளை) விட்டத்தில் 1000-க்கு 4 பங்கு என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. உங்கள் 74 மி.மீ. போருக்கு சுமார் 0.30 மி.மீ. இரண்டாவது ரிங்கின் கேப் மேல் ரிங்கை விடக் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் அடைபடும் வாயு மேல் ரிங்கை அதன் இடத்திலிருந்து தூக்கிவிடும்.

இதெல்லாம் முடிந்து, அழுத்தம் இறங்கிய பிறகு, மிச்சம் வரும் ஆயில் புகையைப் பிடிக்கக் கேன் வையுங்கள்.

கேள்வி: கேட்ச் கேனை நாமே செய்யலாமா? வீட்டில் எவர்சில்வர் தூக்கு நிறையக் கிடக்கிறது. 500 மி.லி. தூக்கு ஒன்றில் இரண்டு நிப்பிள் வைத்தால் போதாதா? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தூக்கை விட்டுவிடுங்கள், அதில் ரசம் கொண்டு போகலாம். தகடு அரை மி.மீ. கூட இருக்காது, வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். மூடியில் காற்று புகும். காற்று புகுந்தால் ஐடில் தள்ளாடும், செம்மண் தூசியும் உள்ளே வரும். அதை விட, வெறும் டப்பாவில் இரண்டு நிப்பிள் என்பது கேனே இல்லை. ஒரு பக்கம் நுழைந்த புகை அப்படியே மறுபக்கம் போய்விடும்.

76 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. சுவர் உள்ள அலுமினியம் அல்லது எவர்சில்வர் பைப் 18 செ.மீ. வாங்குங்கள். இரு முனையையும் மூடினால் உள்ளே சுமார் 730 மி.லி. இடம். அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் துளையிட்ட தகடு ஒன்று. அதற்குக் கீழே ஏறக்குறைய கால் லிட்டர் தேங்கும். ஏற்கெனவே பிடித்த ஆயிலைக் காற்று மறுபடி அள்ளாமல் இருக்கத்தான் இந்தத் தகடு. நுழைவாயில், அந்தத் தகட்டுக்கு மேலே, பைப்பின் ஓரத்தைத் தொட்டபடி சாய்வாக. அப்போது புகை சுவரை ஒட்டிச் சுழன்று, கனமான துளிகள் சுவரில் ஒட்டும். அதற்கு மேலே இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவில் 3 முதல் 4 செ.மீ. கனத்துக்குக் கம்பி வலை. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில் வெளிவாயில். நிப்பிள்கள் இரண்டும் 19 மி.மீ. அடியில் ஒரு சிறிய பால் வால்வ்.

வலைக்குப் பாத்திரக் கடையில் விற்கும் எவர்சில்வர் நார் இரண்டு போதும். சாதா இரும்பு நாரை வைத்தால் நீராவி பட்டுத் துருப்பிடித்து, துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போகும். எவர்சில்வர் நாரையும் திணித்து அடைக்காதீர்கள். மூடியை வெல்டிங் செய்வதற்கு முன் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடைபடுகிற மாதிரி தோன்றினால் ஒரு நாரை எடுத்துவிடுங்கள். மெல்லிய நுரைப் பஞ்சு, ஸ்காட்ச் பிரைட் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஹோஸில்தான். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ் ஈ.பி.டி.எம். ரப்பர், தண்ணீருக்கு நல்லது, ஆயில் பட்டால் மெதுமெதுவென்று ஊறிப் பெருத்து, உள்துளை சுருங்கும். கலர் கலராக விற்கும் சாதா சிலிக்கான் ஹோஸில் ஆயில் வேர்த்து வெளியே வரும். நைட்ரைல் ரப்பர் ஹோஸ் கேளுங்கள், காசு இருந்தால் உள்ளே ஃப்ளூரோ ரப்பர் பூசியது. மேனிஃபோல்டு பக்கம் போகும் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகாத கனமானதாக இருக்க வேண்டும்.

கேனை எக்ஸாஸ்ட் இல்லாத பக்கம், ஹெட்லைட்டுக்குப் பின்னால், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். கேன் குளிர்ச்சியாக இருந்தால்தான் புகை துளியாகும். வால்வ் கவரிலிருந்து கேன் வரை ஹோஸ் எங்கும் தொங்கித் தொட்டி ஆகக் கூடாது. தொங்கும் இடத்தில் ஆயில் தேங்கி, ஒருநாள் மொத்தமாக உறிஞ்சப்பட்டுப் புகையாக வரும். கேனையும் ஹோஸ்களையும் எஞ்சினில் சேர்க்கும் முன் வெளிவாயிலை அடைத்து, சைக்கிள் பம்பில் 0.3 பார் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

முதல் முறை 1000 கி.மீ.யில் திறந்து பாருங்கள். 50 மி.லி.க்குள் இருந்தால் சந்தோஷம். 100-ஐத் தாண்டினால் முதல் பதிலில் சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காப்பி நிறத்தில் நுரைத்த தண்ணீர் அதிகம் வரும். அது நீராவி குளிர்ந்தது, ஹெட் கேஸ்கெட் என்று பயந்து பிரிக்க வேண்டாம். கூலன்ட் மட்டம் குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேனில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப எஞ்சினில் ஊற்றலாமா? – வாசகர், கோட்டையூர்

பதில்: கூடாது. அதில் பாதி தண்ணீரும் பெட்ரோலும்; முகர்ந்தாலே தெரியும். ஊரணிக் கரையிலோ சாக்கடையிலோ கொட்டவும் கூடாது. பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்து, ஆயில் மாற்றும்போது பட்டறையில் கழிவு ஆயிலோடு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜென் 993 சி.சி. எஞ்சினுக்குச் சிறிய டர்போ போட்டு 0.5 பார் பூஸ்ட் வைத்திருக்கிறேன். பூஸ்ட் ஏறினால் நீலப் புகை. டர்போவை மாற்றியும் நிற்கவில்லை. – வாசகர், தேவகோட்டை

பதில்: டர்போ மீது பழி போடுவதற்கு முன் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது டர்போ இல்லாத எஞ்சினுக்காக வடிவமைத்தது. பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வந்ததும் மேனிஃபோல்டில் இருந்து அந்த அரை பார் அழுத்தம், சரியாக மூடாத அந்த வால்வ் வழியாக நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அரை பார் என்பது முதல் பதிலில் சொன்ன தண்ணீர்க் கணக்கில் 5 மீட்டர். எந்த ஆயில் சீல் தாங்கும்?

டர்போவின் பேரிங்கிலிருந்து ஆயில் புவிஈர்ப்பில்தான் சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பில் அழுத்தம் இருந்தால் இறங்காது. தேங்கிய ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி இன்டேக்கிலும் எக்ஸாஸ்டிலும் கசியும். புது டர்போவும் அதே மாதிரி புகையும்.

நிரூபித்துக்கொள்ள எளிய வழி உண்டு. பி.சி.வி. ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு முனையை நன்றாக அடைத்துவிட்டு, வால்வ் கவரின் இரு முனைகளையும் பெரிய ஹோஸ் வழியாக ஒரு பாட்டிலுக்குத் திறந்து விடுங்கள். சோதனைக்காக மட்டும் ஒரு முறை பூஸ்ட் ஏற்றி ஓட்டுங்கள். புகை நின்றால் டர்போ நிரபராதி. ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போது மட்டும் ஒரு பொட்டலம் புகை வந்தால் வால்வ் சீல். எப்போதும் புகைந்தால் ரிங்.

சரியான இணைப்பு இப்படி: கிராங்க்கேஸிலிருந்து கேன், கேனிலிருந்து ஒருவழி வால்வ், அதிலிருந்து மேனிஃபோல்டு. இது நிதானமாக ஓட்டும்போது வேலை செய்யும். இரண்டாவது வழி, வால்வ் கவரிலிருந்து கேன், கேனிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப். பூஸ்டில் இதுதான் உறிஞ்சும். ஒருவழி வால்வ் அலுமினியமோ பித்தளையோ, பெட்ரோல் ஆயில் தாங்கும் உள் ரப்பரோடு இருக்கட்டும். பிரேக் பூஸ்டரின் பிளாஸ்டிக் வால்வைப் போடுகிறார்கள். சூட்டில் விரிசல் விடும். மீன் தொட்டி வால்வ் போட்டவர்களும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதைப் போட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கமிருந்து ஊதினால் துளிகூடப் போகக் கூடாது.

டர்போவிலிருந்து ஆயில் வடியும் டிரெய்ன் ஹோஸ் 16 முதல் 19 மி.மீ. உள்விட்டத்தில், எங்கும் மேலேறாமல் சரிந்து, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கீழே சேர்த்திருந்தால் பிரீதரை எவ்வளவு சரிசெய்தாலும் புகை நிற்காது.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆயில் வழிந்தால் பெட்ரோலில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஆயில் புகை கலந்த காற்று உள்ளே போனால் எஞ்சின் எளிதாகத் தட்டும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிக்கும். சித்திரை வெயிலில் பூஸ்ட் வைத்த எஞ்சினுக்கு அது ஆபத்து. இக்னிஷனை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் ஆயில் உள்ளே வரும்வரை தட்டல் முழுதாக நிற்காது.

கேள்வி: அப்பாவின் பழைய ஆக்டேவியா 1.8 டர்போ. வால்வ் கவர் பைப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சின்ன கோன் ஃபில்டர் மாட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பார்க்கவும் நன்றாக இருக்கிறது. செய்யலாமா? – கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: பார்க்க நன்றாக இருக்கும் என்பதோடு சரி. உங்கள் காரில் ஏர் ஃபில்டரை அடுத்து எம்.ஏ.எஃப். சென்சார் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை அது எடை போட்டுத்தான் எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. பெட்ரோல் கொடுக்கிறது. கோன் ஃபில்டர் வழியாக நுழையும் காற்று கிராங்க்கேஸ் வழியாக மேனிஃபோல்டுக்குப் போகும், சென்சாருக்குத் தெரியாது. கலவை மெலியும், ஐடில் ஏறி இறங்கும், செக் எஞ்சின் லைட் எரியும். மேனிஃபோல்டு பக்கத்தையும் அடைத்துவிட்டால் லைட் எரியாது. ஆனால் உறிஞ்சல் என்பதே இல்லாமல் போய், நீராவியும் அமிலமும் ஆயிலிலேயே தங்கும். அப்படி ஓட்டுகிறவர்கள் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். கூடவே சிக்னலில் நின்றால் ஏ.சி. வழியாக ஆயில் நாற்றம் வரும். அப்பா முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: எங்கள் வீட்டு 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கிறது. கல்யாணம் காட்சிக்கும், எப்போதாவது பிள்ளையார்பட்டி போய் வரவும்தான் எடுப்போம். எஞ்சின் பிரித்துக் கட்டிய பிறகும் கிளட்ச் பக்கம் ஆயில் ஒழுகுகிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிகிறது. பி.சி.வி. வால்வ் போட்டால் நிற்குமா? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: அந்தப் பழைய எஞ்சின்களில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு போன்ற பள்ளம் ஒன்று ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். கிராங்க்கேஸில் கொஞ்சம் அழுத்தம் ஏறினாலும் பள்ளம் தோற்றுவிடும். ஆகவே ஒழுகலுக்கும் பிரீதருக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

டேப்பட் பக்க மூடியிலிருந்து தரையை நோக்கி இறங்கும் குழாயை முதலில் கழற்றுங்கள். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று இதன் வாயில் உறிஞ்சும். வண்டி நின்றால் உறிஞ்சலும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1961 மாடல் கார்களுக்கு பி.சி.வி. வைக்கச் சொன்னது, இந்தக் குழாய் புகையைச் சாலையில் விடுவதால்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். அடுத்து ஆயில் மூடி. காற்று நுழைவது அதில்தான்; உள்ளே கம்பி வலை இருக்க வேண்டும். கடையில் கிடைத்த மொட்டை மூடியை மாட்டியிருந்தால் சுத்தக் காற்று வர வழியே இல்லை. வலை உள்ள மூடியை மண்ணெண்ணெயில் அலசி, எஞ்சின் ஆயிலில் முக்கி, வடியவிட்டு மாட்டுங்கள்.

வெண்ணெய் படிவது வேறு கதை. பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் வருவது. எரிந்த பெட்ரோலின் நீராவி, சூடேறாத எஞ்சினில் குளிர்ந்து ஆயிலோடு கடைந்துகொள்கிறது. 'பேட்டரி போய்விடும்' என்று வாராவாரம் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட விடுவது எஞ்சினுக்குச் செய்யும் கெடுதல். எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள்; முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டு, பேட்டரியை மட்டும் சார்ஜரில் போடுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போனால் குன்றக்குடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஒழுகினால் பி.சி.வி. போடலாம். 1.3 – 1.5 லிட்டர் எஞ்சின் வால்வ் ஒன்றை டேப்பட் மூடிக் குழாய்க்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஐடிலில் கூடுதல் காற்று போவதால் கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவை மறுபடி வைக்க வேண்டியிருக்கும். பழைய குழாயைத் தூக்கி எறியாதீர்கள். பழமை மாறாமல் வேண்டும் என்று நாளை பிள்ளைகள் கேட்பார்கள்.

கேள்வி: அரிசி ஆலைக்கு ஓடும் 2.5 டீசல் பிக்கப். ரீமேப் (இ.சி.யூ. மென்பொருள் மாற்றம்) செய்தபின் இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயில் மூடியைத் திறந்தால் புகை. டர்போ பைப்பெல்லாம் ஆயில். – வாசகர், புதுவயல்

பதில்: டீசல் எஞ்சினில் ஐடிலில் திறந்து பார்த்தால் கொஞ்சம் புகை வருவது இயல்பு. மூடியைக் கவிழ்த்துத் துளை மேல் வையுங்கள். அங்கேயே நடுங்கினால் பரவாயில்லை. எகிறி விழுந்தால் ரிங்.

ஆனால் உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். உமித் தூசி ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் டர்போவின் உறிஞ்சல் கூடி, பிரீதரிலிருந்து ஆயிலை இழுக்கும். உமியில் சிலிக்கா அதிகம். ஃபில்டரின் ஓர ரப்பர் வழியாக அது கசிந்து உள்ளே போனால் ரிங்கையும் போரையும் தேய்த்துவிடும். ரீமேப்பில் சிலிண்டர் அழுத்தம் கூடியிருப்பதால் தேய்ந்த ரிங்கின் குறை உடனே வெளியே தெரிகிறது. ரீமேப் குற்றவாளி இல்லை, காட்டிக்கொடுத்தது அதுதான். பிரீதரில் டயஃப்ரம் இருந்தால் கிழிந்திருக்கிறதா பாருங்கள். ஆயில் பிரிக்கும் வடிகட்டி உள்ள மாடல் என்றால் அதை மாற்றுங்கள்.

இதை மட்டும் டிரைவருக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலோ, கேன் நிரம்பி வழிந்தாலோ, அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து டீசல் எஞ்சின் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அடக்க வேண்டும். ஏர் பைப்பைக் கையால் பொத்தப் போகக் கூடாது. டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) உள்ள பி.எஸ். 6 வண்டிகளில் டீசல் கலந்து ஆயில் மட்டம் தானே ஏறவும் செய்யும். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: 1.0 டி.எஸ்.ஐ. கார். கேட்ச் கேன் போட்டால் வால்வில் கரி படியாது என்கிறார்களே? – வாசகர், திருப்பத்தூர்

பதில்: குறையும், நிற்காது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. வால்வ் தண்டு வழியாக இறங்கும் ஆயிலும் கரியாகிறது. வாரன்டி உள்ள காரில் கை வைக்காதீர்கள். கம்பெனி கையேட்டில் சொன்ன தர ஆயிலைப் போட்டு, மாற்றும் இடைவெளியைக் குறைப்பது அதை விடப் பலன்.

கேள்வி: பிரீதரை வெளியே விட்டால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? கோவையில் டிராக் டேக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டும் நாள்) போக எண்ணம். – வாசகர், சிவகங்கை

பதில்: பி.யூ.சி. சோதனை சைலன்சர் புகையை மட்டும் அளக்கிறது, பிரீதரை அல்ல. அதனால் மாட்டமாட்டோம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரோட்டில் ஓடும் காருக்கு மூடிய இணைப்புதான்.

டிராக்குக்கு, சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் டூரிங் கார் விதியைப் பின்பற்றுங்கள். பிரீதர் திறந்திருந்தால் ஆயில் ஒரு தொட்டியில் சேர வேண்டும். 2000 சி.சி. வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே உள்ளது வெளியே தெரியும்படி தொட்டி இருக்க வேண்டும். வளைவில் உங்கள் ஆயில் சிந்தினால் பின்னால் வருகிறவரின் டயர் வழுக்கும், விதி அதற்காகத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தொட்டியைக் காலி செய்து, டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.